அசலும் நகலும்: ஒரு துப்பாக்கியின் இரு பிறவிகள்

அசல், நகல் என்னும் இரு சொற்களும் அரபியிலிருந்து வந்து தமிழில் குடியேறியவை. ‘அஸ்ல்’ என்றால் வேர், மூலம். ‘நக்ல்’ என்றால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்த்தல். பத்திர அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் நாள்தோறும் புழங்கியதால், அசல் உயர்ந்தது, நகல் தாழ்ந்தது என்னும் எண்ணம் நம்மிடையே ஊன்றிவிட்டது. ஆனால் இச்சொற்களின் மூலப்பொருளில் அத்தகைய ஏற்றத்தாழ்வு இல்லை. ஒரு வேரிலிருந்து கிளையெடுத்து வேறு மண்ணில் கொண்டுபோய் நட்டால், அதுவும் நகலே. அதைப் போலி என்று சொல்லத் தகுமா? நகல் வேறு, போலி வேறு என்பதை உணர்த்த எத்தனையோ எடுத்துக்காட்டுகள் உண்டு. அவற்றுள் பலரும் எதிர்பாராத ஒன்றை இங்கே ஆராய எண்ணுகிறோம். அது பறவை வேட்டைக்கென்று அமெரிக்காவில் பிறந்து, மறைந்து, பின்னர் ஜப்பானில் மறுபிறவி எடுத்த ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் வரலாறு.

வேட்டையைப் புகழ்வது நம் நோக்கம் அன்று. கைவினை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஒரு பொருளின் மதிப்பு அதன் உருவில் இருக்கிறதா வரலாற்றில் இருக்கிறதா என்னும் வினாக்களுக்கு இத்துப்பாக்கி விடை தருகிறது. ஆகவேதான் இதனை எடுத்துக்கொண்டோம்.

கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் நகரில் சார்லஸ் பார்க்கர் என்பவர் காப்பிக்கொட்டை அரைக்கும் கருவிகளைச் செய்து தொழில் தொடங்கினார். பட்டறைகளில் இரும்பை இறுகப் பிடிக்கும் வைஸ் முதலிய பொருள்களும் அவருடைய தொழிற்சாலையில் உருவாயின. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரின்போது அவருடைய நிறுவனம் வடமாநிலப் படைக்குத் துப்பாக்கிகள் செய்து கொடுத்தது. போர் முடிந்தது, இயந்திரங்களும் தேர்ந்த கைகளும் எஞ்சின. மனிதனைச் சுடும் கருவியைச் செய்தவர்கள், 1860-களின் பிற்பகுதியில் பறவையைச் சுடும் கருவியைச் செய்யத் தலைப்பட்டனர். ‘பார்க்கர் சகோதரர்கள்’ என்னும் பெயர் பொறித்த இரட்டைக்குழல் துப்பாக்கி இவ்வாறுதான் தோன்றியது.

பறவை வேட்டைக்குரிய துப்பாக்கி, ஒற்றைக் குண்டைச் செலுத்துவது அன்று. ஈயத்தால் ஆன சிறு ரவைகளை ஒரு கூட்டமாக வானில் பரப்புவது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று எத்துணைப் பருமன் இருக்குமோ, அத்துணை அகலமுள்ள குழலே ‘பன்னிரண்டு போர்’ எனப்படும். அதன் அளவு 0.729 அங்குலம். இருபது போர், இருபத்தெட்டு போர் என எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். பறக்கும் பறவையைக் கண்ட கணத்தில் தோளுக்கு ஏறி, கண்ணும் குழலும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஆகையால் இத்துப்பாக்கியின் எடை, சமநிலை, மரக்கட்டையின் வளைவு ஆகிய எல்லாம் கைத்திறன் சார்ந்தவை. சட்டையைப் போல உடலுக்குப் பொருந்த வேண்டியவை.

பார்க்கர் துப்பாக்கிகள் பல தரங்களில் வெளிவந்தன. தரத்தை எழுத்துகளால் குறித்தனர். டி என்பது தரம். எச் என்பது வெளியே தெரியும் சுத்தி இல்லாதது. இ என்பது சுட்டபின் வெற்றுத் தோட்டாவைத் தானே வெளியே எறிவது. மூன்றும் சேர்ந்தால் டி.எச்.இ. தரம் உயர உயர வால்நட் மரத்தின் வரியழகும், எஃகில் செதுக்கிய பறவைகளும் வேட்டை நாய்களும் கொடிவேலைப்பாடும் கூடிக்கொண்டே போகும். ஆயினும் எளிய தரத்தில்கூட உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று இழைந்து பொருந்துமாறு அரத்தால் தேய்த்துத் தேய்த்து இணைத்தார்கள். இப்புகழ் பெற்ற தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 2,42,000 துப்பாக்கிகள் வெளிவந்தன.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். பார்க்கரின் தொடக்ககாலக் குழல்களுள் பெரும்பாலானவை டமாஸ்கஸ் குழல்கள். இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் அடுக்கிக் காய்ச்சி, கயிறுபோல முறுக்கி, ஒரு கம்பியின் மேல் சுருளாகச் சுற்றிச் சம்மட்டியால் அடித்து ஒட்டுவார்கள். பின்னர் அமிலம் பூசினால் இரும்பு ஒரு நிறமும் எஃகு ஒரு நிறமுமாகத் தோன்றி, நீரலை போன்ற கோலம் வெளிப்படும். டமாஸ்கஸ் என்பது சிரியாவின் திமிஷ்கு நகரின் பெயர். இடைக்காலத்தில் அந்நகரின் பெயரால் புகழ்பெற்ற வாள்களின் மேனியில் காணப்பட்ட அலைக்கோலத்தை ஒத்திருந்ததால் இக்குழல்களுக்கும் அப்பெயர் அமைந்தது. ஆனால் பார்க்கர் பயன்படுத்திய இக்குழல்கள் திமிஷ்கிலும் செய்யப்படவில்லை, அமெரிக்காவிலும் செய்யப்படவில்லை. பெல்ஜியத்தின் லீஜ் பகுதியிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டவை. பெயர் சிரியாவினுடையது, குழல் பெல்ஜியத்தினுடையது, முத்திரை அமெரிக்காவினுடையது! அசல் என்று நாம் கொண்டாடுவதே மூன்று நாடுகளிலிருந்து கொண்டு சேர்த்த நகல்களின் கூட்டன்றோ?

பெயர் பெற்ற பொருளுக்குப் போலி தோன்றுவது உலக இயற்கை. அதே லீஜ் பகுதியிலிருந்து மலிவான இரட்டைக்குழல் துப்பாக்கிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சந்தைக்குள் வெள்ளமெனப் புகுந்தன. அவற்றுள் சிலவற்றில் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று பொறித்திருந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் துப்பாக்கி என வாங்குபவர் மயங்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. மற்றொரு வகையில் பார்க்கர் என்னும் பெயரின் முதலெழுத்தை மட்டும் மாற்றிப் பொறித்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஓரெழுத்து வேறுபாடு உண்டு. தமிழில் எழுதினாலோ இரண்டும் ஒன்றாகவே நிற்கும். அவசரமாகப் பார்க்கும் வேட்டைக்காரனின் கண்ணுக்கும் அவை ஒன்றாகவே நின்றிருக்கும்.

இத்தகைய ஏமாற்று அமெரிக்காவில் எளிதாக நடந்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் துப்பாக்கிக் குழலை விற்பதற்கு முன், வழக்கத்துக்கு மிகுதியான மருந்திட்டுச் சுட்டுச் சோதித்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டம். லண்டனில் துப்பாக்கிசெய்வோர் சபை 1637-இல் பட்டயம் பெற்றது. பர்மிங்காமின் சோதனைச்சாலை 1813-இல் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. பெல்ஜியத்திலும் சோதனைச்சாலை இருந்தது. அமெரிக்காவிலோ அத்தகைய அரசுச் சட்டம் ஏற்படவேயில்லை. அங்கே வாங்குபவருக்கு உறுதியளித்தது முத்திரை அன்று. செய்தவரின் பெயர் ஒன்றே. பெயரே காப்புறுதியாக இருக்கும் நாட்டில் பெயரைத் திருடுவது உயிரோடு விளையாடுவதாகும். முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் வெடிக்கும் பொருள் அது. 1890-ஆம் ஆண்டின் மக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று விதித்தது. அதன்பின் இப்போலிகளின் பிறப்பிடத்தை ஓரளவு அறிய முடிந்தது.

போலிகளால் பார்க்கர் அழியவில்லை. அதை வீழ்த்தியவை வேறு இரண்டு. ஒன்று, ஒரே குழலில் அடுத்தடுத்துப் பல தோட்டாக்களைச் சுடும் புதுவகைத் துப்பாக்கி. வின்செஸ்டர் நிறுவனத்தின் 1897, 1912 ஆகிய மாதிரிகள் இயந்திரத்தால் பெருமளவில் செய்யப்பட்டவை, விலை குறைந்தவை. அரமும் பொறுமையும் கொண்டு இரண்டு குழல்களை இணைக்கும் தொழிலாளியால் அவற்றோடு போட்டியிட இயலவில்லை. மற்றொன்று, 1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம். 1934-இல் பார்க்கரின் துப்பாக்கித் தொழிலை ரெமிங்டன் நிறுவனம் வாங்கியது. சில ஆண்டுகளில் உற்பத்தி நியூயார்க் மாநிலத்தின் இலியன் நகருக்கு மாறியது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபின், 1942-ஐ ஒட்டி அத்துப்பாக்கியின் உற்பத்தி நின்றது.

துப்பாக்கியோடு வானமும் மாறிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பார்க்கர் பிறந்த நாளில் அமெரிக்க வானத்தைக் கோடிக்கணக்கில் மறைத்துப் பறந்த பயணப் புறா என்னும் இனம், வணிக வேட்டையாலும் காடழிப்பாலும் அற்றுப்போயிற்று. அவ்வினத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் முதல் நாள் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. 1900-இல் லேசி சட்டமும் 1918-இல் வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டமும் வந்தன. எவ்வளவும் சுடலாம் என்ற நிலை போய், எண்ணிச் சுட வேண்டும் என்ற நிலை வந்தது. இதை மனத்தில் இருத்தினால்தான் பின்னர் வரும் நகலின் தன்மை விளங்கும்.

உற்பத்தி நின்று நாற்பது ஆண்டுகள் கடந்தன. பழைய பார்க்கர்கள் குறைந்தன, அவற்றைத் தேடுவோர் பெருகினர், விலை ஏறிற்று. இந்நிலையில் 1984-ஆம் ஆண்டில் ‘பார்க்கர் ரிப்ரொடக்ஷன்ஸ்’ என்னும் பெயரில் புதிய துப்பாக்கி ஒன்று வெளிவந்தது. ரிப்ரொடக்ஷன் என்றால் மறுஆக்கம். தான் நகல் என்பதை அது தன் பெயரிலேயே அறிவித்துக்கொண்டது. செய்யப்பட்ட இடம் ஜப்பானின் டோச்சிகி. செய்தது ஓலின்-கோடென்ஷா தொழிற்சாலை. வின்செஸ்டரின் உரிமையாளரான ஓலின் நிறுவனம் ஜப்பானியருடன் கூட்டாக அமைத்த அத்தொழிற்சாலை, 1963 முதல் வின்செஸ்டர் 101 என்னும் மேல்கீழ்க் குழல் துப்பாக்கியைச் செய்து நற்பெயர் பெற்றிருந்தது. ஜப்பானோடு பொருத போரின் நடுவே நின்றுபோன ஓர் அமெரிக்கத் துப்பாக்கி, நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் அதே ஜப்பானியர் கையால் மீண்டும் உருப்பெற்றது. வரலாற்றின் திருப்பங்களுள் இதுவும் ஒன்று.

அங்கே உருவை மட்டும் பார்த்துச் செய்துவிடவில்லை. பழைய துப்பாக்கியைப் பிரித்து உறுப்புறுப்பாக அளந்து, புதியதன் உறுப்பைப் பழையதில் பொருத்தும் அளவுக்கு நெருங்கிச் செய்ய முயன்றார்கள். பெரும்பாலும் டி.எச்.இ. தரமே செய்யப்பட்டது. செதுக்கு வேலையின் வடிவும் அசலைப் பின்பற்றியதே. ஜப்பானியத் தொழிலாளிக்கு அந்நாளில் கிடைத்த ஊதியத்தில், அமெரிக்காவில் கட்டுப்படியாகாத கைவேலை அங்கே கட்டுப்படியாயிற்று. 1980-களின் இறுதியில் அவ்வுற்பத்தியும் நின்றது. ஆக, அசலைப் போலவே நகலும் இன்று வரலாறாகிவிட்டது. அதையும் தேடி வாங்குவோர் உண்டு.

இவ்விரண்டில் எது மேல்? வயலில் கேட்டால் ஒரு விடை. சந்தையில் கேட்டால் வேறொரு விடை.

முதலில் வயலைப் பார்ப்போம். பழைய டமாஸ்கஸ் குழல் கருமருந்துக்காகச் செய்யப்பட்டது. பின்னர் வந்த புகையில்லா மருந்தின் அழுத்தம் வேறு. வெளியே அலைக்கோலம் அழகாக இருக்கும்; உள்ளே பட்டைகள் இணைந்த இடத்தில் துரு அரித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மேலும் பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அமரும் அறை இன்றைய 2¾ அங்குலத் தோட்டாவுக்குச் சற்றுக் குட்டை. தோட்டா உள்ளே புகும். ஆனால் சுடும்போது அதன் மடிந்த வாய் விரிய இடமின்றிக் குழலின் குறுகிய பகுதியில் சிக்கி, அழுத்தத்தை மிகுவிக்கும். மரக்கட்டையின் அமைப்பும் அவ்வாறே. அக்காலத்தார் தலையை நிமிர்த்திச் சுட்டதால் கட்டை வெகுவாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இக்காலத்தார் கன்னத்தைக் கட்டையில் பதித்துச் சுடுவதால் அவ்வளைவு அவர்களுக்குப் பொருந்துவதில்லை.

இவற்றினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. நீர்நிலைகளில் விழுந்த ஈய ரவைகளை, இரை அரைக்கும் சிறு கற்கள் என எண்ணி வாத்துகள் விழுங்கின. ஈயநஞ்சு ஏறி மடிந்தன. அவற்றைத் தின்ற கழுகுகளும் மடிந்தன. ஆகவே அமெரிக்க அரசு நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையைப் படிப்படியாக விலக்கி, 1991-க்குள் நாடு முழுவதும் தடை செய்தது. அதற்கு மாற்றாக முதலில் வந்தது எஃகு ரவை. ஈயம் மென்மையானது, குழலின் குறுக்கத்தில் நசுங்கி வெளியேறும். எஃகு நசுங்காது, பழைய மென்குழலைக் கீறும், முனையைப் புடைக்கச் செய்யும். ஆகையால் பழைய பார்க்கரோடு சதுப்புநிலத்துக்குச் சென்று இத்தோட்டாவைச் சுடுவது, அத்துப்பாக்கியை அழிப்பதற்கு ஒப்பாகும். ஜப்பானில் செய்த மறுஆக்கத்திலோ எஃகு ரவைக்கென்றே, மூன்று அங்குல அறையுடன், பன்னிரண்டு போரில் ஒரு தனிவகை செய்யப்பட்டது.

இதன் பொருளைச் சிந்திக்க வேண்டும். பார்க்கர் பிறந்த காலத்தில் துப்பாக்கிக்கேற்ப வானம் வளைந்தது. பறவைகள் அற்றுப்போகும்வரை வளைந்தது. நகல் பிறந்த காலத்திலோ வானத்தின் சட்டத்துக்கேற்பத் துப்பாக்கி வளைந்தது. உருவில் இரண்டும் ஒன்றே. ஆனால் பறவைக்கு ஓர் உரிமை உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டபின் செய்யப்பட்டது நகல். அசலுக்கு இல்லாத இந்த ஒன்று அதற்கு உண்டு. பிஸ்மத் என்னும் உலோகத்தால் ஆன மென்மையான ரவைகள் பின்னர் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றன. நல்ல எஃகுக் குழலுடைய பழைய துப்பாக்கிகளுக்கும் மீண்டும் வழி பிறந்தது. ஆயினும் அறிந்தவரிடம் குழலின் கனத்தை அளந்து பார்க்காமல் பழையதைச் சுடுவது அறிவுடைமை ஆகாது.

இனிச் சந்தைக்கு வருவோம். அங்கே அசலே அரசு செலுத்துகிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச்சென்ற ஃபாக்ஸ் நிறுவனத் துப்பாக்கி ஒன்று, 2010-இல் ஏலத்தில் 8,62,500 டாலருக்கு விலைபோயிற்று. அந்தத் தொகை எஃகுக்கும் மரத்துக்கும் கொடுத்தது அன்று. அதைப் பற்றிய கைக்குக் கொடுத்தது. எத்துணைத் திறமையான நகலாலும் அந்தக் கையைக் கொண்டுவர முடியாது. பழைய பொருளை வாங்குபவர் வாங்குவது ஒரு சாட்சியை. தேய்ந்த பிடியும் மங்கிய நிறமும் அச்சாட்சியின் வாக்குமூலம். அதனால்தான் பழையதைப் புதிதுபோல மெருகேற்றினால் மதிப்பு கூடுவதற்கு மாறாகக் குறைகிறது.

மதிப்பு வரலாற்றில் இருக்கிறது என்று தெரிந்தவுடன், வரலாற்றைப் பொய்யாகப் புனைவோரும் தோன்றினர். எளிய தரத் துப்பாக்கியை எடுத்து, அதில் உயர்தரச் செதுக்கு வேலையைப் பின்னாளில் சேர்த்து, உயர்தரம் என்று விற்பார்கள். இரும்பு அசல், மரம் அசல், எண் அசல். ஆனால் சொல்லும் கதை பொய். இதுவன்றோ உண்மையான போலி! இதைக் கண்டுபிடிக்கக் கண் மட்டும் போதாது, ஏடு வேண்டும். பார்க்கர் தொழிற்சாலையின் பழைய கணக்கேடுகளுள் பெரும்பகுதி அழியாமல் எஞ்சியுள்ளது. பார்க்கர் துப்பாக்கி சேகரிப்போர் சங்கம், எண்ணைக் கொடுத்தால் அத்துப்பாக்கி எத்தரத்தில், எவ்வமைப்பில் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டது என்று ஏட்டைப் பார்த்துக் கடிதம் தருகிறது. ஒரு காப்பி இயந்திரக்காரரின் கணக்கப்பிள்ளைகள் எழுதிவைத்த ஏடு, நூறாண்டு கழித்து உண்மைக்குச் சாட்சி சொல்கிறது. ஏட்டைக் காப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறு வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1993-இல் கனெக்டிகட் ஷாட்கன் நிறுவனம் ஃபாக்ஸ் துப்பாக்கியை அமெரிக்காவிலேயே மீண்டும் செய்யத் தொடங்கியது. 2006-ஐ ஒட்டி, பார்க்கர் பெயரின் உரிமையாளரான ரெமிங்டன் நிறுவனமும் இதே தொழிற்சாலையைக் கொண்டு மிக உயர்ந்த தரத்தில் புதிய பார்க்கரைச் செய்வித்தது. பெயருக்கு உரிமை உண்டு. செய்த நாடும் அமெரிக்காவே, மாநிலமும் பார்க்கர் பிறந்த அதே கனெக்டிகட். எனினும் மெரிடனின் கைகள் என்றோ மண்ணில் மறைந்துவிட்டன. இது அசலா, நகலா? பட்டயத்தைக் காட்டினால் அசல்; காலத்தைக் காட்டினால் நகல். பின்னர் 2020-இல் ரெமிங்டனே நொடித்துப் பல கூறுகளாக விற்கப்பட்டது. பெயரின் உரிமை கைமாறும் பொருள். கைத்திறன் அவ்வாறு கைமாறுவதில்லை. அதைக் கற்றவன் கற்பித்தால் ஒழிய அது அவனோடு மறைந்துவிடும். டோச்சிகியில் ஒரு தொழிலாளி பழைய துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது, பத்திரம் எழுதி வாங்க முடியாத அந்தப் பகுதியையே.

ஆகவே நாம் முடிவாகச் சொல்லக்கூடியது இதுதான். கண்ணாடிப் பேழையில் வைத்து ஒரு காலத்தைக் கற்க வேண்டுமானால் அசல் வேண்டும். அதன் கீறலைக்கூடத் துடைக்கக் கூடாது. சட்டத்துக்கு உட்பட்டுக் களத்தில் பயன்படுத்துவோருக்கு, தன் பிறப்பை மறைக்காத நகலே தக்கது. அது அசலின் ஆயுளையும் நீட்டிக்கிறது. இரண்டுக்கும் பகை ஒன்றே: தான் அல்லாததைத் தான் என்று சொல்லும் போலி. அது பெல்ஜியத்திலிருந்து ஓரெழுத்தை மாற்றிக்கொண்டும் வரும். அசலின் உடலிலேயே பொய்க்கோலம் பூண்டும் வரும்.

துப்பாக்கி பிழைத்தது, அதன் உருவை மீண்டும் செய்ய மனிதனால் முடிந்தது. 1914-இல் சின்சினாட்டியில் இறந்த அந்தப் புறாவுக்கு மட்டும் இன்றுவரை நகல் இல்லை.